என் கணவர் ஒரு மேசை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் சுகம். அப்பா மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள்கிறார். காலையில் மைதானத்தைச் சுற்றி நடக்கிறார். ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து என்னிடம் மூன்று சுற்று என்கிறார். எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபம்தான். போனிலேயே திட்டலாம் என்று இருந்தேன். ஆனால் நான் குரலை உயர்த்தினால் "சரிம்மா, சரிம்மா, சிக்னல் சரியில்லம்மா" என்று வைத்துவிடுவாய். கடிதத்துக்குச் சிக்னல் தேவையில்லை. உட்கார்ந்து முழுதும் படி.

நீ என்னைச் சேர்த்துவிட்ட மொழி வகுப்பைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். சேர்த்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்கே தெரியும். போன தடவை உன் வீட்டுக்கு வந்து, இருந்த நாளெல்லாம் ஜன்னலோரம் பொட்டலம் மாதிரி உட்கார்ந்திருந்தேன். யாராவது சிரித்தால் சிரித்தேன், தலையாட்டினால் ஆட்டினேன். கடைக்குப் போய் ஒரு வெங்காயம் வாங்கி வரத் துப்பில்லை. அடுத்த முறை வரும்போது அந்த ஊர் மொழியில் நானே பேசி, நானே வாங்கி, உனக்குச் சமைத்துப் போட வேண்டும் என்று இருந்தேன். அதனால்தான் தையல் மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டு வகுப்புக்குக் கிளம்பினேன்.

நூலகத்து மாடியில் ஒரு அறை. சுவரில் "கற்க வயதில்லை" என்று வர்ணக் காகிதத்தில் வெட்டி ஒட்டியிருப்பார்கள். நாற்காலி போதாவிட்டால் பக்கத்துக் குழந்தைகள் பகுதியிலிருந்து எடுத்து வந்து போடுவார்கள். அதில் உட்கார்ந்தால் முட்டி முகவாயைத் தொடும். சட்டையில் குத்திக்கொள்ளும் பெயர் அட்டையில் ஆளுக்கொரு பூ. எனக்குச் சூரியகாந்தி. முன்னாள் லாரி டிரைவர் ஒருவர், ஆறடி உயரம், கையைத் தட்டினால் கட்டடமே அதிரும். அவருக்கு ரோஜா. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாதது என்னவென்றால், அங்கே யாரும் தப்பே செய்வதில்லை. நாங்கள் எதைச் சொன்னாலும் டீச்சர் "அருமை!" என்பாள். உன் வயதுதான் இருக்கும் அவளுக்கு. ஒருவர் பேசி முடித்ததும் எல்லாரும் கைதட்ட வேண்டும். தட்டி முடிந்ததும் அவருடைய நோட்டில் ஒரு நட்சத்திரம் ஒட்டுவாள். நான் இதுவரை வாங்கிய நட்சத்திரங்களை ஒட்டினால் நம் வீட்டுக் கூரை முழுக்க வானமாகிவிடும்.

எனக்குச் சந்தேகம் வந்தது. நான் என்ன அவ்வளவு கெட்டிக்காரியா? பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் எனக்கு ஒரு பாடமும் ஏறியதில்லை, உன் பெரியம்மாவைக் கேட்டுப் பார். ஒரு நாள், குடும்பத்தைப் பற்றி ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னாள். என் முறை வந்ததும் எழுந்து நின்று, தெளிவாக, அந்த மொழியில், "என் கணவர் ஒரு மேசை" என்றேன். வேண்டுமென்றேதான் சொன்னேன். டீச்சர் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு "அருமை, அருமை! எவ்வளவு அழகான உச்சரிப்பு!" என்றாள். எல்லாரும் கைதட்டினார்கள். நட்சத்திரமும் வந்தது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் பேப்பரைக்கூட இறக்காமல், "முப்பது வருஷமா என் மேல துணியைக் குவிச்சு வைக்கிறியே, சரியாத்தான் சொல்லியிருக்கே" என்றார்.

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் தைத்த சட்டையில் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை என்றால் வாங்குகிறவர் "அருமை" என்றா போட்டுக்கொண்டு போவார்? முகத்தில் விட்டெறிவார். அப்படி விட்டெறிந்ததால்தான் நான் தொழில் கற்றுக்கொண்டேன்.

சரி, கிழவிக்கு ஒரு பொழுதுபோக்கு என்று விட்டிருப்பேன். லாரிக்காரருக்கு நடந்ததைக் கேள்விப்பட்ட பிறகுதான் என்னால் விட முடியவில்லை.

அந்த மனிதர் டீச்சர் சொன்னதை அப்படியே நம்பியவர். எங்களில் அவர்தான் முதல் என்று அவள் சொன்னாள், அவரும் நம்பினார். அவருடைய மகனும் நீ இருக்கும் பக்கம்தான் எங்கோ இருக்கிறான். மகனைப் பார்க்கப் போனார். போன மூன்றாம் நாள், மகன் வேலைக்குப் போன நேரத்தில், "எனக்குத்தான் மொழி தெரியுமே" என்று தனியாக வெளியே கிளம்பியிருக்கிறார். திரும்பும் வழி தவறிவிட்டது. ஊர் ஊராக லாரி ஓட்டியவர், வழி கேட்பது அவருக்கு ஒரு விஷயமா? ஒரு பெண்ணிடம் கேட்டிருக்கிறார். அவளுக்குப் புரியவில்லை. இவருக்குத்தான் குரல் பெரிதாயிற்றே, இன்னும் உரக்கக் கேட்டிருக்கிறார். அவள் பயந்துபோய்க் காவலரைக் கூப்பிட்டுவிட்டாள். காவலருக்கும் இவர் பேசியதில் ஒரு சொல் புரியவில்லை. மகன் அலுவலகத்திலிருந்து ஓடி வந்து, அத்தனை பேர் நடுவில், "மன்னிச்சிருங்க, அப்பாவுக்கு வயசாயிடுச்சு, கொஞ்சம் குழப்பம்" என்று சொல்லிக் கூட்டிப்போனான்.

ஊர் திரும்பியவர் வகுப்புப் பக்கமே வரவில்லை. நான் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். வாசலில் ஒரு பழைய சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை.

"வகுப்புக்கு ஏண்ணே வரல?" என்றேன்.

"தையல்காரம்மா, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கறது பெரிய விஷயம் இல்ல. தெரியாதுன்னு தெரிஞ்சிருந்தா நான் கையைக் காட்டியாவது வழி கேட்டிருப்பேன். எல்லாம் தெரியும்னு சொல்லி அனுப்பி வெச்சாங்களே, அதுதான்மா..." என்றவர் சைக்கிள் சக்கரத்தைச் சும்மா சுற்றிவிட்டார். அந்தப் பெரிய குரல் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் டீச்சரைப் பிடித்துக்கொண்டேன். அவள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். லாரிக்காரர் கதையைச் சொன்னேன். "நாங்க தப்பாப் பேசுறோம்னு உங்களுக்குத் தெரியும்தானே? ஏன் சொல்லல? நாங்க என்ன பால்குடிப் பிள்ளைங்களா? பிள்ளைங்க தப்பாப் பேசினாக்கூட நாம திருத்துறோமே!" என்று கேட்டேன். என் குரல் கீழே நூலகம்வரை கேட்டதாம்.

அந்தப் பெண்ணுக்கு முகம் செத்துப்போயிற்று. "மேலே இருந்து அப்படித்தாம்மா சொல்லியிருக்காங்க. பெரியவங்களத் திருத்தினா மனசு ஒடைஞ்சு வர்றத நிறுத்திடுவாங்களாம்" என்றாள். அதோடு நிறுத்தியிருந்தால் உனக்கு இந்தக் கடிதம் வந்திருக்காது. கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு, "உங்க பொண்ணும் போன் பண்ணிச் சொன்னாங்கம்மா. 'அம்மா எப்படிப் பேசினாலும் பரவாயில்ல, கத்துக்கணும்னு இல்ல, மனசு நோகாமப் பாத்துக்கங்க, ஏதாவது ஒண்ணுல மூழ்கி இருந்தாப் போதும்'னாங்க" என்றாள்.

கத்துக்கணும்னு இல்லையாம்! எப்படியடி உனக்கு வாய் வந்தது? உனக்குக் கை பிடித்து எழுதப் பழக்கியவளை, நீ பரீட்சையில் தப்பு விட்டால் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி மறுபடி போட வைத்தவளை, தொட்டிலில் கிலுகிலுப்பை கட்டித் தொங்கவிடுகிற மாதிரி ஒரு வகுப்பில் கொண்டு போய் விட்டிருக்கிறாய். நான் படிக்கப் போவதாக நினைத்துக்கொண்டு, காலையில் புடவையை நீவி மடிப்பு வைத்துக் கட்டிக்கொண்டு போனேன். என்னைப் பராமரிக்க ஆள் வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது அழுகையாக வந்தது. தெருவில் அழ வெட்கப்பட்டு, கோபப்பட்டுக்கொண்டே நடந்தேன்.

உனக்கு ஏன் இந்தப் புத்தி வந்தது என்றும் எனக்குத் தெரியும். அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்த நாளிலிருந்து நீ எங்களிடம் எதையும் சொல்வதில்லை. எது கேட்டாலும் "சூப்பரா இருக்கேன்மா". மாப்பிள்ளை எங்கே என்றால் குளிக்கிறார், தூங்குகிறார், நண்பர் வீட்டுக்குப் போயிருக்கிறார். ஒரு மனிதர் இவ்வளவு குளிப்பாரா என்று நானும் கேட்காமல் இருந்தேன்.

டீச்சரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அவள் கெட்ட பெண் இல்லை. அடுத்த வகுப்பில் எங்கள் எல்லார் முன்னாலும் நின்று, "இனிமே தப்புன்னா தப்புன்னு சொல்றேன். வேணாம்னு நினைக்கிறவங்க இப்பவே சொல்லிடுங்க" என்றாள். எங்களோடு படித்த, பேங்கில் மேனேஜராக இருந்த ஒரு அம்மா முதல் திருத்தத்திலேயே முகத்தைத் தூக்கிக்கொண்டு ஓவிய வகுப்புக்கு மாறிப் போய்விட்டார். அங்கே இன்னும் நட்சத்திரம் ஒட்டுகிறார்களாம், நன்றாக இருக்கட்டும். லாரிக்காரரை நான் ஏறக்குறைய இழுத்துக்கொண்டுதான் வந்தேன். டீச்சர் அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். "மன்னிப்பெல்லாம் இருக்கட்டும் டீச்சரம்மா, வழி கேக்குறது எப்படின்னு சரியாச் சொல்லிக் குடுங்க" என்றார். அன்று முழுக்க அந்த ஒரு வாக்கியம்தான். அவர் சொல்வதும், அவள் "இல்லை" என்பதும், அவர் மறுபடி சொல்வதுமாக. கடைசியில் அவள் "இப்ப சரி" என்றபோது யாரும் கைதட்டவில்லை. அவர் மட்டும் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கும் "இல்லை" நிறையக் கிடைத்தது. நான் சொல்கிற ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு ஓட்டை. வீட்டில் அடுப்படியில் நின்று சொல்லிச் சொல்லிப் பார்ப்பேன். வந்தது, போனது, எடுத்தது, கொடுத்தது என்று நடந்து முடிந்ததைச் சொல்வது மட்டும் மெல்ல மெல்லப் பிடிபட்டது. யாராவது அந்த மொழியில் நிதானமாகப் பேசினால் இப்போது எனக்குப் பாதியாவது விளங்குகிறது. இதை உன்னிடம் சொல்லவில்லை. நேரில் வந்து பேசி உன்னை அசத்த வேண்டும் என்று வைத்திருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருந்தபோது உனக்குப் பின்னால் கதவு தட்டும் சத்தம் கேட்டது. ஒரு வயதான பெண்ணின் குரல் உன்னிடம் ஏதோ சொன்னது. நல்ல மனுஷியாக இருக்க வேண்டும், மெதுவாக, தன்மையாகச் சொன்னாள். நீ அவளுக்கு ஒரு சொல் பதில் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பி, "டிவிம்மா" என்றாய். நானும் "அப்படியா" என்றேன்.

அம்மாடி, எனக்கு அது விளங்கிவிட்டது.

விளங்கியது தப்பாக இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்ட வேண்டுதல் கொஞ்சமல்ல. காதில் விழுந்ததை விழுந்தபடியே மனத்தில் சொல்லிக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போனேன். எல்லாரும் போன பிறகு டீச்சரிடம் அதைச் சொல்லிக்காட்டி, நான் புரிந்துகொண்டது இதுதான், எங்கே தப்பு என்று கேட்டேன். 'உன் கணவர் வந்தார். துணிகளை எல்லாம் எடுத்துக்கொண்டார். சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.' அவள் இதை எங்கே கேட்டீர்கள் என்றாள். என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள் போலிருக்கிறது. பழைய பழக்கத்தில் எதையாவது சொல்லிச் சமாளித்துவிடுவாளோ என்று பார்த்தேன். ஏன், அப்படிச் சமாளித்துவிடக் கூடாதா என்றுகூட ஒரு நிமிஷம் இருந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு தப்பும் இல்லம்மா. சரியாப் புரிஞ்சுக்கிட்டிருக்கீங்க" என்றாள்.

அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். உன்னைப் போல நானும் மறைத்தால் பிறகு இந்த வீட்டில் யார்தான் யாரிடம் பேசுவது? நெஞ்சைப் பிடித்துக்கொள்வாரோ என்று மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டுதான் சொன்னேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பேப்பரை மடித்துக் கீழே வைத்தார். "அப்ப அவ தனியாவா சாப்பிடுறா?" என்று மட்டும் கேட்டார்.

யார் மேல் தப்பு, எப்போதிலிருந்து என்று நான் கேட்கப் போவதில்லை. நீ சொல்லும்போது சொல். உனக்கு வேண்டும் என்றால் அடுத்த விமானத்தில் வருகிறேன். வேண்டாம் என்றால், நீ வரச் சொல்லும்வரை இங்கேயே இருக்கிறேன். நீ இங்கே வந்தாலும் உன் அறை அப்படியேதான் இருக்கிறது. ஊர் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். ஊருக்குப் பதில் சொல்வதில் எனக்கு எந்த வகுப்பும் தேவையில்லை. ஒன்றே ஒன்றுதான், இனி என்னிடம் "சூப்பரா இருக்கேன்" என்று மட்டும் சொல்லாதே. நான் தாங்க மாட்டேன் என்று நீயாக முடிவு கட்டாதே. நீ தாங்குகிறாயே, நான் உன்னைப் பெற்றவள்.

கதவைத் தட்டிய அந்த அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல். என் மகளிடம் மெதுவாகப் பேசியதற்கு நன்றி என்றும் சொல்.

கண்ணு, நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். அழ வேண்டும் போலிருந்தால் எந்த நேரமானாலும் போன் போடு. பேசவே வேண்டாம், அழு. நான் வைக்க மாட்டேன்.

உன்
அம்மா