முட்டையாகத் தெரிந்த வட்டம்

நவ. 11, செவ்வாய். காலையிலிருந்து தூறல்.

உறுதியானது: திரை அளவு 1024×768. இருக்க வேண்டியது 1920×1080. ஆதாரம்: டிஸ்ப்ளே செட்டிங்ஸ், நேரில் பார்த்தது. பழைய சதுர மானிட்டர் போய், மகள் வாங்கித் தந்த அகல மானிட்டர் வந்து நான்கு நாள். எல்லாமே பக்கவாட்டில் இழுத்து விட்டது போல.

என் மனைவி பிலோவுக்கு சனி காலை ஆன்லைனில் முதல் டியூஷன். சோதனை வகுப்புதான். பாடம், வட்டம். கணக்கு டீச்சர் வேலையில் ஓய்வு பெற்றதிலிருந்து சும்மா இருந்தவளை ஒப்புக்கொள்ள வைக்கவே எனக்கு ஒரு மாதம். இன்று ஒத்திகை.

"ஏங்க, இது வட்டமா? முட்டை. எனக்கே வட்டமாத் தெரியலன்னா பிள்ளைக்கு எப்படிச் சொல்லித் தர்றது?"

"அந்தப் பக்கம், பிள்ளையோட திரையில சரியாத்தான் தெரியும்."

"யாரு பாத்தா?"

நியாயமான கேள்வி. என்னிடம் ஆதாரம் இல்லை.

நவ. 12, புதன்.

மன்னார்குடி சேகருக்குப் போன். என் பழைய பத்திரிகை ஆபீஸில் கணினி பார்த்தவர், விண்டோஸுக்குப் பதிலாக இந்த லினக்ஸைப் போட்டுக் கொடுத்தவரும் அவரே.

"அண்ணே, திரை அளவ மாத்த நாலு வரி கமாண்ட் அனுப்புறேன். ஒரு எழுத்து விடாம டெர்மினல்ல அடிங்க."

அடித்தேன். வட்டம் வட்டமானது. பிலோ கைதட்டினாள். மூன்று மணிக்குக் கரண்ட் போய் வந்தது. மறுபடி முட்டை.

வாங்க: பச்சை மிளகாய், பி.பி. மாத்திரை, மானிட்டர் கேபிள்.

நவ. 13, வியாழன்.

சம்பாவுக்கு நல்ல மழை, எங்கள் தெரு லைனுக்கு ஆகாத மழை. கரண்ட் இரண்டு முறை போனது. பாபநாசத்தில் வாங்கிய புதுக் கேபிளிலும் அதே கதை.

"விடுங்க. பிள்ளையோட அம்மாகிட்ட முடியாதுன்னு சொல்லிடறேன். எனக்கும் வயசாச்சு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் என்னைப் பார்க்காமல்.

நவ. 14, வெள்ளி.

நிருபராக இருந்தபோது விபத்துச் செய்திக்குக் கேட்டது போல பிலோவிடம் வரிசையாகக் கேட்டேன். கரண்ட் வந்ததும் முதலில் எந்த சுவிட்ச்?

"சிபியு. அப்புறம் பால் காய்ச்சிட்டு வந்து மானிட்டர்."

"அது ஏன்?"

"நல்லா இருக்கே! முன்ன கரண்ட் வந்த வேகத்துல ஒரு மானிட்டர் எரிஞ்சப்ப நீங்கதானே சொன்னீங்க, மானிட்டர மட்டும் கடைசியாப் போடுன்னு?"

சேகரிடம் சொன்னேன்.

"அதாண்ணே! மானிட்டர் அணைஞ்சு கிடந்தா கம்ப்யூட்டர் யார்கிட்ட அளவு கேக்கும்? அதுவா ஒரு சின்ன அளவ எடுத்துக்கும். பழைய மானிட்டருக்கு அந்த அளவே சரியா இருந்துச்சு, அதான் தெரியல."

ஆக, தவறு என்னுடையது. கல்யாணமான இத்தனை வருடத்தில் நான் சொன்னதை அவள் அப்படியே கேட்டது இந்த ஒன்றில்தான். சுவிட்ச் பலகைக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டினேன்: 'திருத்தம். கரண்ட் நிலைத்ததும் முதலில் மானிட்டர், பிறகே சிபியு. முன்பு சொன்னது தவறு. வருந்துகிறேன்.'

"அடேங்கப்பா! இத லேமினேட் பண்ணணும்."

நவ. 15, சனி. வெயில்.

ஐந்தரைக்கே குளித்து, கஞ்சி போட்ட காட்டன் சேலை. மானிட்டர், பிறகு சிபியு. 1920×1080. வகுப்பு ஆறு முதல் ஏழு. நான் கதவுக்கு வெளியே. ஏழு பத்துக்கும் முடியவில்லை. "மிஸ், இன்னும் ஒரே ஒரு கணக்கு" என்று ஒரு பெண் பிள்ளையின் குரல்.

நிலுவை: தொடர்வதா என்று பிள்ளையின் அம்மா நாளை மாலைக்குள் சொல்வதாக. பிலோ அதற்குக் காத்திருக்கவில்லை. அடுத்த சனிக்கான கணக்குகளை இப்போதே நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள்.