தாடையில் நின்ற சாயம்

தம்பியின் பேத்தி இன்று காலை கண்ணாடி முன் உட்கார்ந்து தாடையோரம் பழுப்பு மை தீட்டிக்கொண்டிருந்தாள். ஏனாத்தூரில் அவள் கல்லூரி விழாவாம். "பையன் மாதிரி இருக்கணும் ஆயா, ஆனா சாஃப்ட்டா. மீசையெல்லாம் வேணாம்" என்றாள். பிறகு சரியாக வரவில்லை என்று ஒரு பஞ்சை எடுத்து ஒரே இழுப்பில் துடைத்தாள். சுத்தமாகப் போய்விட்டது. எனக்கு வந்த எரிச்சலில் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. திட்டுவதற்கும் ஆள் இல்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

நம் தெருப் பெண்கள் நவராத்திரிக்கு நாடகம் போடுவோமே, ஆண்கள் எட்டிப் பார்க்கக் கூடாத நாடகம், எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம் அதில் எனக்கு இளவரசன் வேஷம். மற்றவர்கள் எல்லாரும் பசை தடவி மீசை ஒட்டிக்கொள்ள, நீ மட்டும் முறைத்தாய். "மீசை ஒட்டினா கோமாளிதான்டி. மொகத்துலயே ஆம்பள வரணும், ஆனா முரடு வரக்கூடாது." என் புருவ வளைவை மையால் நேராக்கினாய். உதட்டுச் சிவப்பைப் பவுடரால் அமுக்கினாய். மூக்கின் இரண்டு பக்கமும் நிழல் கொடுத்தாய். தாடைக்கு வந்தபோதுதான் உன் புத்தி விபரீதமாக வேலை செய்தது. சவரம் செய்த பச்சை தெரிய வேண்டுமென்று, உன் அப்பாவின் சாயப்பட்டறையிலிருந்து பட்டுக்குப் போடும் கருநீலச் சாயத்தைத் தண்ணீர் விட்டு எடுத்து வந்திருந்தாய். "கொதிக்க வெச்சாத்தான் பட்டுலயே ஏறும். பச்சத் தண்ணியில இன்னா ஏறப்போவுது, கழுவினா போய்டும்" என்றாய். சாயக்காரர் மகளே சொன்னால் யார் மறுப்பது?

கண்ணாடியைப் பார்த்தேன். அந்த முகத்தை ஆண் என்றும் சொல்ல முடியவில்லை, பெண் என்றும் சொல்ல முடியவில்லை. இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று அதைக் கேட்கத் தோன்றியது. உன்னிடம் "பரவாயில்லடி" என்று மட்டும் சொன்னேன். சொல்ல வேண்டியதை நேரத்துக்குச் சொல்லிப் பழக்கமே இல்லை எனக்கு.

நாடகம் முடிந்து கழுவினால் தாடை மட்டும் அப்படியே நின்றது. நான்கு நாளில் முசரவாக்கத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். நீ காலையும் மாலையும் கடலை மாவும் எலுமிச்சம்பழமுமாக வந்து, அழுதுகொண்டே தேய்த்தாய். அம்மா உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

பையனின் அம்மா என் முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள். "இன்னாம்மா, பொண்ணுக்குத் தாடி கீடி மொளைக்குதா?" என்று கேட்டாள். பஜ்ஜியைத் தொடாமல் எழுந்து போனார்கள். செய்தி செவிலிமேடு வரை போயிற்று. அதன் பிறகு யாரும் வரவில்லை. நீ எங்கள் வீட்டுப் படி ஏறக் கூடாது என்றாள் அம்மா. கடைசிவரை அதை மாற்றிக்கொள்ளவே இல்லை. நான் பள்ளிக்கூட வேலைக்குப் போய்த் தனியாகவே இருந்துவிட்டேன். நன்றாகத்தான் இருந்தேன்.

நீதான் நன்றாக இல்லை. கோயில் பிரகாரமோ பஸ் ஸ்டாண்டோ, எங்கே கண்டாலும் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் வாழ்க்கைய நான்தான்டி கெடுத்துட்டேன்" என்று ஆரம்பித்துவிடுவாய். என்னைப் பேசவிட்டால்தானே? இல்லை, அதுவும் பொய். விட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

இப்போது சொல்கிறேன், கேள். அவர்கள் வந்த அன்று காலை குளித்ததும் சாயம் முழுக்கப் போய்விட்டிருந்தது. நீ தேய்த்த தேய்ப்பு அப்படி. அம்மா அடுப்படியில் சொஜ்ஜி கிளறிக்கொண்டிருந்தாள். நாடகத்தன்று நீ விட்டுப்போன சாயக் கிண்ணத்தின் அடியில் மிச்சமிருந்ததை எடுத்து நானேதான் பூசிக்கொண்டேன், அழுத்தி. அந்தக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. பழி உன் தலையில் விழும் என்று தெரிந்தேதான் பூசினேன்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்த அன்றும் நீ அதையே சொன்னாய். நான் உன் நெற்றியைத் தடவி, "விடுடி, நான் எப்பவோ மன்னிச்சிட்டேன்" என்றேன். நீ நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாய். அந்த வார்த்தை இன்றும் என் வாயில் கசக்கிறது. மன்னித்தேனாம், உன்னை.