மைமூனா வீட்டுச் சனிக்கிழமைகள்

28.5.2002, செவ்வாய்

விடியவே மழை. ரப்பர்ப் பால் வெட்டு இல்லை. ஒபிஸ் ஜன்னலால் ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் இன்றைய வேலை.

தக்‌ஷிகாவின் கடிதம் வந்தது. இத்தாலியில் பலெர்மோவிலிருந்து பதினாறு நாள் எடுத்திருக்கிறது. என்னைக் கூப்பிடுவதற்கான பேப்பர்களை அங்கே கொடுத்துவிட்டாளாம். அவள் பராமரிக்கும் கிழவிக்கு எண்பத்து நான்கு வயது. பெயர் எழுதமாட்டாள், அங்கத்துப் பேச்சில் அம்மா என்கிற மாதிரி ‘சின்யோரா’ என்றுதான் எழுதுவாள். அந்த மனுஷி கடைப் பாஸ்தாவைத் தொடுவதில்லையாம். வீட்டில் கையால் குழைத்துச் செய்ததுதான் வேண்டுமாம். “நீங்கள் அதைப் பழகிக்கொண்டு வந்தால் இந்த வீட்டிலேயே உங்களுக்கும் வேலை தருவினம்” என்று எழுதியிருக்கிறாள்.

எனக்கு நாற்பத்திரண்டு வயது. இந்தத் தோட்டத்தின் பெரிய கிளாக்கர். புட்டுக்குக்கூட மாக் குழைத்தது கிடையாது. அவள் போய் ஆறு வருடம். ஆறு வருடமும் டவுன் கடைச் சோறு.

மனைவி வேலை எடுத்துக் கொடுக்க, அவளுக்குப் பின்னால் போகும் புருஷன். யாழ்ப்பாணத்தில் அம்மா கேள்விப்பட்டால் என்ன சொல்லுவா? அது கிடக்கட்டும். நான் என்ன சொல்கிறேன்? தெரியவில்லை.

30.5.2002, வியாழன்

பாஸ்தா பழக்குபவர் யாரும் உண்டா என்று மாவனல்லை டவுனில் விசாரித்தேன். மைமூனா என்று ஒரு பெண், பாலத்துக்கு அந்தப் பக்கம் வீடு. ஜித்தாவில் இத்தாலிய எஞ்சினியர் ஒருவரின் குடும்பத்தில் ஏழு வருடம் சமைத்தவராம். எஞ்சினியரின் தாய்தான் எல்லாம் பழக்கினாராம். இப்போது சனிக்கிழமைகளில் வீட்டில் சமையல் வகுப்பு நடத்துகிறார். இத்தாலியை அவர் கண்டதில்லை. மாவனல்லையில் ஒரு முஸ்லிம் பெண்ணிடம், சவூதியில் பழகிய இத்தாலிச் சமையலை, ஒரு யாழ்ப்பாணத்தான் படிக்கப் போகிறான். விசித்திரம்தான். போய்ப் பார்ப்போம்.

1.6.2002, சனி

முதல் வகுப்பு. முன்னறையில் மைமூனாவின் கணவர் ஜமால்தீன் குடை திருத்திக்கொண்டிருந்தார். போன வருடக் கலவரத்தில் டவுன் எரிந்தபோது அவருடைய கடையும் போனது. அதிலிருந்து வேலை வீட்டில். என்னை ஏற இறங்கப் பார்த்தார். வகுப்புக்கு ஆண் வந்தது இதுதான் முதல் தடவையாம். உள்ளே போகச் சொல்லிவிட்டு, அடுக்களை வாசல் தெரிகிற மாதிரிக் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். நியாயம்தான்.

இன்னொரு மாணவி விஜயகலா. இருபத்தேழு வயதிருக்கும். ரம்புக்கனைப் பக்கத்துத் தோட்ட லயத்தில் பிறந்தவள். யானைகளைப் பார்க்க வரும் வெள்ளைக்காரர் தங்கும் ஒரு விடுதியில் சமைக்கிறாள். முதலாளி அனுப்பியிருக்கிறார்.

கோதுமை மாவைப் பலகையில் குவித்து, நடுவில் குழி செய்து, முட்டைகளை உடைத்து ஊற்றி, முள்ளுக் கரண்டியால் உள்ளிருந்து வெளியே கலக்க வேண்டும். என் குழியின் ஒரு பக்கம் உடைந்து முட்டை மேசையால் வழிந்து நான் கட்டியிருந்த சாரத்தில் விழுந்தது. விஜயகலா துணி எடுத்துத் தந்தாள். கால் மணி நேரம் உள்ளங்கையால் தள்ளித் தள்ளிக் குழைத்தோம். பிறகு கோப்பையால் மூடி அரை மணி நேரம் விட வேண்டும்.

“அவசரப்படாதீங்க தம்பி. மாவும் களைச்சிப் போயிருக்கும்” என்றார் மைமூனா.

என்னுடையது சப்பாத்துத் தோல் மாதிரி வந்தது. எல்லோரும் சாப்பிட்டோம்.

3.6.2002

தோள்மூட்டு நோகிறது. பேனா பிடிக்க முடியவில்லை.

8.6.2002, சனி

தக்‌ஷிகாவுக்கு இந்தக் கிழமை ஒபிஸ் போனில் மைமூனா வீட்டு நம்பரைக் கொடுத்திருந்தேன். தோட்ட ஒபிஸ் போனில் சொந்தக் கதை கதைப்பது மனேஜர் பெரிய துரைக்குப் பிடிக்காது. ஐந்து மணிக்கு எடுத்தாள். அங்கே ஒரு மணி, சின்யோரா நித்திரை கொள்ளும் நேரம். வழக்கம் போல சுகம் கேட்டாள், மழையா என்று கேட்டாள், பேப்பர் போயிருக்கிறது என்றாள். மூன்று நிமிடத்தில் எங்களிடம் இருந்தது முடிந்துவிட்டது. பிறகு மைமூனாவோடு கதைக்கலாமா என்றாள்.

இருபது நிமிடம் கதைத்தார்கள். கிழவிகளை எப்படிக் குளிப்பாட்டுவது, எந்த மா நல்லது, முதுகு வலிக்கு என்ன. இரண்டு பேரும் ஒரே ஒபிஸில் வேலை செய்தவர்கள் போல. நான் மாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

14.6.2002, வெள்ளி

பெரிய துரை கூப்பிட்டார். றக்வானைப் பக்கம் கம்பனியின் பெரிய தேயிலைத் தோட்டம் ஒன்றுக்குப் பெரிய கிளாக்கர் தேவையாம். தனி பங்களா, தோட்டக்காரன், எல்லாம் உண்டு. ஜூலை முடியமுன் பதில் வேண்டுமாம்.

போகலாம் என்றுதான் படுகிறது. தக்‌ஷிகா கூப்பிடுவது ஒரு கடமைக்காக இருக்கலாம். கல்யாணம் செய்தவள், ஆறு வருடமாகக் கூப்பிடாமல் இருந்தால் ஊர் கதைக்கும். அதற்காகப் பேப்பர் கொடுத்திருக்கலாம். தொண்ணூற்றைந்தில் யுத்தத்தால் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து, அடுத்த வருடம் தமையனோடு அவள் போனபோது நான் தடுக்கவும் இல்லை, பின்னால் வருகிறேன் என்று சொல்லவும் இல்லை. அவளும் கேட்கவில்லை. அப்படியே இருந்துவிட்டோம். சண்டை என்று ஒன்றும் கிடையாது.

ஆனால் வகுப்பை விடவில்லை. ஏன் என்று எனக்கே விளங்கவில்லை.

22.6.2002, சனி

இன்று முட்டை இல்லாத பாஸ்தா. தக்‌ஷிகா போனில் மைமூனாவிடம் சொல்லியிருக்கிறாள்: சிசிலிப் பக்கத்தில் றவ்வையும் தண்ணீரும் மட்டும்தானாம், மெல்லிய கம்பியில் சுற்றி உருட்டி எடுப்பார்களாம். மைமூனாவுக்கு அது தெரியாது. தெரியாது என்று வெளிப்படையாகச் சொன்னார். மூன்று பேரும் சேர்ந்து செய்து பார்த்தோம். கம்பிக்கு எங்கே போவது என்று யோசிக்க, ஜமால்தீன் ஒரு பழைய குடைக் கம்பியைத் தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்தார்.

முதலில் எல்லாம் ஒட்டிக்கொண்டது. விஜயகலாதான் கண்டுபிடித்தாள். “அமுக்காதீங்க ஐயா. சும்மா லேசா உருட்டுங்க, அதுவே கழண்டு வந்திரும்” என்றாள். வந்தது. ஒரு சுருள். உள்ளே துவாரம். அதைக் கையில் வைத்து ஒரு நிமிடமாவது பார்த்திருப்பேன்.

தக்காளி, வெங்காயம், டின் சீஸ். நன்றாக இருந்தது.

30.6.2002

வடக்குக்குப் போகும் ஏ-9 பாதை திறந்ததிலிருந்து தெரிந்தவர்கள் எல்லோரும் யாழ்ப்பாணம் போய் வருகிறார்கள். நான் போகவில்லை.

6.7.2002, சனி

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

தக்‌ஷிகா ஐந்து மணிக்கு எடுத்தாள். வழக்கம் போல மூன்று நிமிடம். பிறகு மைமூனா வாங்கிக் கதைத்தார். கதைத்து முடித்து, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்று சொன்னார்:

“எட்டு மாசம்தானே ஆகுது தம்பி. கர்ப்பப்பை எடுத்த உடம்பு. ஒரு வருஷமாவது பாரம் தூக்கக் கூடாதுண்டு சொன்னேன். நீங்க போய்ச் சேந்தா அந்தக் கிழவியத் தூக்குற வேலைய நீங்க எடுத்துக்கங்க.”

நான் “ஓம்” என்றேன்.

எனக்குத் தெரியும் என்று அவர் நினைத்துவிட்டார். புருஷனுக்குத் தெரியாமல் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

கட்டையை எடுத்து மாவைத் தொடர்ந்து உருட்டினேன். இன்றைக்குத்தான் என் மாத் தகடு சரியாக வந்தது. மைமூனா அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, பின்னால் தன் விரல் தெரிவதை விஜயகலாவுக்குக் காட்டினார்.

7.7.2002, ஞாயிறு

எட்டு மாதம் என்றால் போன நவம்பர். நவம்பரில் மூன்று கிழமை அவள் போன் எடுக்கவில்லை. சின்யோராவோடு வேறு ஊருக்குப் போயிருந்தேன் என்று பிறகு சொன்னாள். நான் எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை.

ஏன் சொல்லேல்லை? ஆஸ்பத்திரியில ஆர் கூட இருந்தது? தமையனோ? அவர் மிலானில எல்லே இருக்கிறார். தனியப் போய், தனியப் படுத்து, தனிய வந்து — ஊர் பேர் தெரியாத மைமூனாவுக்குச் சொல்லலாம், எனக்குச் சொல்ல ஏலாதோ? நான் ஆர் அவளுக்கு?

மத்தியானம் சாப்பிடவில்லை. கோபமா, வேறு என்னவோவா, பிரித்துப் பார்க்க முடியவில்லை.

13.7.2002, சனி

மாவனல்லைக்குப் போனேன், அடுக்களைக்குள் போகவில்லை. முன்னறையில் ஜமால்தீனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் ஒரு குடைக்குக் கைபிடி மாட்டி முடித்தார். கடைசியில் நானே சொன்னேன்: தக்‌ஷிகாவின் ஒபரேஷன் எனக்குத் தெரியாது, போன கிழமை உங்கள் மனைவி சொல்லித்தான் தெரியும்.

அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைக் குறைத்தார். மைமூனா ஜித்தாவில் இருந்த ஏழு வருடமும் இரண்டு பிள்ளைகளையும் அவர்தான் வளர்த்தார். மூன்றாம் வருடம் சின்ன மகள் கிணற்றுக் கட்டிலிருந்து விழுந்து ஒரு மாதம் கண்டி ஆஸ்பத்திரியில். மனைவிக்கு அவர் எழுதவேயில்லை.

“அவ அங்க இருந்து என்ன செய்ய ஏலும்? அழுவா. அதால சொல்லல்ல. அவவும் அங்க பட்டத ஒண்டும் சொல்லல்ல. நல்லதுக்குத்தான் ரெண்டு பேரும் மறைச்சது. ஆனா கிளாக்கர், அவ வந்த பொறகு புள்ளட தலையில தழும்பக் கண்டா. ரெண்டு வருஷம் எங்கட சண்டை எல்லாம் அதுக்குத்தான்.”

கொஞ்சம் பொறுத்து, “நீங்க இப்பவே கேட்டுருங்க” என்றார்.

ஐந்து மணிக்கு முன்பே எழுந்து பஸ் ஏறிவிட்டேன். பயம் என்றுதான் சொல்ல வேண்டும்.

20.7.2002, சனி

கேட்டேன்.

மைமூனா, விஜயகலாவையும் கூட்டிக்கொண்டு பின்வளவுக்குப் போய்விட்டார். நான் தனியாகக் கதைக்கட்டும் என்று ஜமால்தீன் சொல்லியிருக்க வேண்டும்.

“நவம்பரில உமக்கு ஒபரேஷன் நடந்ததோ?” என்றேன். சுகம் கேட்கிற அதே குரலில்தான் வந்தது. வேறு குரல் என்னிடம் இல்லை.

“சொல்லியிருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பியள்?” என்றாள்.

வந்திருப்பேன் என்று சொல்லப் பார்த்தேன். அது பொய். “தெரியாது” என்றேன்.

“எனக்கும் தெரியேல்லை. அதுதான் சொல்லேல்லை.” மூச்சு வாங்கினாள். “இனிப் பிள்ளை இல்லை. அது தெரிஞ்சால் நீங்கள் வரமாட்டியள் எண்டு நினைச்சன். பேப்பர் எல்லாம் சரி வந்து, நீங்கள் இஞ்ச வந்த பிறகு சொல்லுவம் எண்டு வைச்சிருந்தனான். அது பிழை எண்டும் தெரியும்.”

கடமைக்காகக் கூப்பிடுகிறாள் என்றல்லவா நான் இரண்டு மாதமாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் யார் கூட இருந்தது என்று கேட்டேன். முதல் நாள் சின்யோராவின் மகள். பிறகு ஒருவரும் இல்லை. பதினோராம் நாள் வேலைக்குப் போய்விட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். எந்தப் பக்கம் வலித்தது, பக்கத்துக் கட்டில்காரி என்ன கொடுத்தாள், தையல் வெட்டும்போது எப்படி இருந்தது. அரை மணி நேரத்துக்கு மேல். கடைசியில் “நான் வாறன்” என்றேன்.

“பாஸ்தாவுக்காக வரவேண்டாம்” என்றாள்.

“அதுக்காக இல்லை.”

23.7.2002, செவ்வாய்

பெரிய துரையிடம் றக்வானைக்குப் போகவில்லை என்று சொன்னேன். காரணம் கேட்டார். மனைவிக்குச் சுகமில்லை என்றேன். தோட்டத்தில் இதை ஒருவரிடம் சொல்வது இதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு ஒபிஸுக்கு வந்து கணக்குப் புத்தகத்தைத் திறந்தேன்.

10.8.2002, சனி

ஒபரேஷன் எனக்குத் தெரியாதிருந்ததை அறிந்த மைமூனா, தான் வாய்விட்டதற்கு வருத்தப்பட்டார். வருத்தப்பட ஒன்றுமில்லை என்றேன். மன்னிப்புக் கேட்பவர் போல இன்று இரண்டு மடங்கு மாத் தந்தார்.

விஜயகலாவின் விடுதியில் அவளுடைய சுருள் பாஸ்தாவை வெள்ளைக்காரர் படம் எடுத்துக்கொண்டு போனார்களாம். முதலாளி அவளை அடுக்களைக்குப் பொறுப்பாக்கிவிட்டார். அடுத்த கிழமையிலிருந்து வரமாட்டாள்.

25.9.2002, புதன்

கொழும்பில் இத்தாலி எம்பசி. ரம்புக்கனையில் காலை ரயில். கல்யாணப் படம் கேட்டார்கள். இடம்பெயர்ந்ததில் தப்பியது ஒன்றுதான், அதுவும் ஓரம் நனைந்தது. கவுண்டரில் இருந்த பெண், கடைசியாக எப்போது மனைவியைக் கண்டீர்கள் என்று கேட்டார். திகதி சொன்னேன். திரும்பவும் கேட்டார். திரும்பவும் அதையே சொன்னேன்.

30.10.2002, புதன்

விசா வந்துவிட்டது.

10.11.2002, ஞாயிறு

அடுத்த ஞாயிறு பயணம். போன் வரும் என்று மைமூனா வீட்டுக்குப் போனேன். கணவனும் மனைவியும் கல்யாண வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருந்தார்கள். சாவியை என்னிடம் தந்துவிட்டுப் போனார்கள்.

சின்யோரா வீட்டில் இரவு தங்குவதை தக்‌ஷிகா விட்டுவிட்டாளாம். பகலுக்கு மட்டும் போகிறாள். பக்கத்துத் தெருவில், நான்காம் மாடியில், ஓர் அறை எடுத்திருக்கிறாள். வாளியும் சட்டியும் வாங்கிவிட்டாள். கட்டில் ஒன்றுதான், அறை சின்னது என்பதால் சுவரோடு ஒட்டிப் போட்டிருக்கிறதாம்.

“நீங்கள் இப்ப எந்தப் பக்கம் படுக்கிறனியள்?” என்று கேட்டாள்.

யாழ்ப்பாணத்தில் எந்தப் பக்கம் படுத்தேன் என்று யோசித்தேன், ஞாபகம் இல்லை. பிறகு உள்ளதைச் சொன்னேன்.

“நடுவில.”

“சரி” என்றாள். “அப்ப நான் சுவர்ப் பக்கம் படுக்கிறன்.”