படத்தில் இருக்கிற இடவழி

இன்று காலை குழாயின் மூடியைத் திருகினேன். ரப்பர் ஷீட்டுக்குப் போடுகிற புகையின் வாசம் முகத்தில் அடித்தது. நிலப்படத்தைக் கொண்டுபோய் ரப்பர் புகைப்புரையில் தொங்கவிட்ட ஆள் உலகத்தில் நீ ஒருவன்தான். "புகை ஏறினா பூச்சி அண்டாது லே" என்றாய். அதற்கு நாலு இஞ்சு பிவிசி குழாயை வெட்டி இரண்டு முனையிலும் மூடி போட்டுத் தந்தவன் நான். பிளம்பரான நான் செய்ததில் ஒழுகாத குழாய் அது ஒன்றுதான் என்று நீ பாறசாலை வரைக்கும் சொல்லி நடந்தாய். மறுக்கவில்லை. அதில் தண்ணீர் விட்டுப் பார்த்ததில்லையே.

அந்தப் படம் உன் கைக்கு வந்தது காட்டாக்கடையில். பழைய சாமான் கடைக்கு லோடு இறக்கப் போனவன், பேப்பர்க் கட்டுக்குள்ளிருந்து உருவிக்கொண்டு வந்தாய். மாநிலம் பிரிப்பதற்கு முன்னால் அளந்து அச்சடித்தது. ஒரு மைல் ஒரு இஞ்சாகச் சுருங்கிக் கிடந்தது. நாம் இருவரும் பத்தாம் வகுப்பில் சமூகப் பாடத்தில் சேர்ந்தே தோற்றவர்கள். தாசில்தார் மாதிரி அதை லாரியின் பானட்டில் விரித்துக் குனிந்து நின்றோம். ஆட்டோ ஸ்டாண்ட் இருக்கிற இடத்தில் நீலமாக ஒரு குளம். ரப்பர் நிற்கிற சரிவில் ஒரு மரமும் இல்லை. "குளத்துக்க மேல நின்னாக்கும் நாம தினமும் ஆட்டோ பிடிக்கோம்" என்று நீ சிரித்தாய்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தால் நடைதான். நம் பெரிய கண்டுபிடிப்பு நினைவிருக்கிறதா? கோடும் புள்ளியுமாகக் கறுப்பில் ஒன்று வளைந்து வளைந்து போனது. பழைய வண்டிப்பாதை என்று முடிவு செய்து அதன்மேலேயே நடந்தோம். மரச்சீனிக் கிழங்குத் தோட்டம், தண்ணீர் ஓடுகிற ஒரு தோடு, இரண்டு வேலி. கடைசியில் ஒரு வீட்டின் அடுக்களைப் புறத்தில், துணி துவைக்கிற கல்லின் முன்னால் போய் நின்றோம்.

"ஆரு வோய் அது?" என்று அங்கே துவைத்துக்கொண்டிருந்த சேச்சி எழுந்தார்.

நீ படத்தைத் தட்டிக் காட்டினாய். "சேச்சி, இது ரோடாக்கும்."

"அப்படியா? அப்பம் பஸ்ஸு எப்பம் வரும்?"

வீட்டுக்கு வந்ததும் என் மகள் படத்தின் அடியில் இருந்த குறிப்பைப் படித்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "அப்பா, அது ரோடு இல்ல. நெய்யாற்றின்கரைக்கும் விளவங்கோட்டுக்கும் உள்ள தாலுக்கா எல்லை." அதுதான் இன்றைக்கு மாநில எல்லை. எல்லையிலேயே பிறந்து, எல்லையிலேயே வளர்ந்து, எல்லை எது என்று தெரியாமல் அதன்மேல் இரண்டு மைல் நடந்த கழுதைகள் நாம். நடைபாதை என்றால் சிவப்புத் துண்டுக் கோடு என்று அவள்தான் சொல்லித் தந்தாள். உடனே நீ நம் தெருமுக்கைத் தேடினாய். மெல்லிய சிவப்பு நூல் ஒன்று அங்கிருந்து கிளம்பி, நம் சபையின் சின்னச் சிலுவைக் குறியில் போய் முட்டியது. "எலே, நம்ம இடவழி!" என்று என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாய். இன்னும் வலிக்கிறது.

இரண்டு பக்கமும் மண்கட்டு உயர்ந்த அந்த ஒடுங்கின வழியாகத்தான் செத்துப்போகிற நம் ஆட்களைச் சபையின் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிப்போவது. பாதியில் ஒரு வளைவு. பெட்டியைச் சுமப்பவர்கள் அங்கே நின்று தோள் மாற்றுவார்கள். என் அப்பனுக்கு மாற்றியது அங்கே. உன் அம்மைக்கும் அங்கே.

வழியின் ஒரு பக்கம் என் நிலம். அடுத்த பக்கத்து நிலத்தை வாங்கினவர், களவு பயம் என்று சொல்லி வழியின் வாயில் இரும்புக் கேட் போட்டார். கேட்டுக்காரர் என்று நீதான் அவருக்குப் பெயர் வைத்தாய். சண்டை பிடிக்கலாம் என்றாய். நான்தான், பிறகு பார்ப்போம் என்றேன். பிறகு நீ போய்விட்டாய்.

உன் அடக்கத்தன்று நல்ல மழை. கேட்டில் பூட்டு. கேட்டுக்காரர் ஊரில் இல்லை. என் பையில் இரும்பு அறுக்கிற ஹாக்ஸா பிளேடு இருந்தது. ஐந்து நிமிஷ வேலை. சாவு நேரத்தில் வம்பு வேண்டாம் என்று யாரோ சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். உன்னை ஆம்புலன்சில் ஏற்றி ஹைவே வழியாகச் சுற்றிக் கொண்டுபோனோம். லாரி ஓட்டினவனுக்கு ரோட்டு வழி போவதுதான் பொருத்தம் என்று தமாஷ் வேறு சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

இப்போது ரீசர்வே நடக்கிறது. புதிதாக அளந்த வரைபடத்தை மகள் பார்த்துவிட்டு வந்தாள்.

"அப்பா, நம்ம நிலம் வளந்திருக்கு."

"நிலம் வளருமா பிள்ளே?"

"இடவழியைக் காணல. நடுவில வெட்டி, பாதி அவருக்கு, பாதி நமக்கு. நமக்கு ஒரு சென்ட் கூடுதல்."

உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? ஒரு நிமிஷம், கோழிக்கூட்டை எங்கே வைக்கலாம் என்று யோசித்தேன். ஒரே ஒரு நிமிஷம்.

இன்று பஞ்சாயத்து ஹாலில் கையெழுத்துப் போட வரச் சொல்லியிருந்தார்கள். மகளும் கூட வந்தாள். கேட்டுக்காரர் முந்தியே வந்து உட்கார்ந்திருந்தார். "போடும் பிளம்பரே. உமக்கும் கூடுதல்தானே, பின்ன நஷ்டம் ஆருக்கு?" என்றார். நான் குழாயைத் திறந்து படத்தை மேசையில் விரித்தேன். சர்வேயர் சின்ன வயசுப் பெண். மூக்கைச் சுளித்து, "இது தீயில கிடந்ததா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம். பக்குவமா புகை போட்டதாக்கும்."

அவர் குனிந்து சிவப்புக் கோட்டை விரலால் தொடர்ந்தார். "வழி இருக்கு. ஆனா சேட்டா, இதை வச்சு அளவு தீர்க்க முடியாது. இந்தக் கோட்டுக்க தடிமனே உங்க வீட்டை விட அகலம்."

"கேட்டீரா? வெறும் பழைய கடலாசுத் தாளு" என்றார் கேட்டுக்காரர்.

அப்போது நீ சொல்வாயே, "படத்துக்கு வாய் இல்ல லே, நமக்கு உண்டு" என்று. அது நினைவுக்கு வந்தது. வாயைத் திறந்தேன். "மேடம், எத்தனை அடின்னு கேட்டா இது சொல்லாது. வழி உண்டா இல்லியான்னு கேளுங்க. உண்டுன்னு சொல்லும். எனக்குத் தந்த ஒரு சென்டைத் திருப்பி எடுங்க. எனக்கு வேண்டாம்."

சர்வேயர் பேனாவைக் கீழே வைத்தார். "நிலம் குறைஞ்சு போச்சுன்னு பராதி வரும். கூடிப் போச்சுன்னு இப்பதான் முதல்ல கேக்கேன்."

"வட்டு பிடிச்சுதா வோய் உமக்கு?" கேட்டுக்காரர் எழுந்துவிட்டார். "பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய நிலமில்லா அது?"

மகள் ஏற்கெனவே பராதிப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "எனக்கு நிலம் வேண்டாம் மாமா. ஒரு நாள் அப்பாவைக் கொண்டுபோக எனக்கு வழி வேணும்."

அவ்வளவு அவசரம் வேண்டாம் மக்கா என்று எனக்கு நாக்கில் வந்தது. விழுங்கிவிட்டு அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து கோணலாகத்தான் இருக்கும். இன்று நேராக விழுந்தது.

விசாரணைக்குக் கூப்பிடுவார்களாம். பழைய வில்லேஜ் பதிவுகளை எடுத்துப் பார்ப்பார்களாம். தோற்கலாம். தோற்பது நமக்குப் புதிதா? திரும்பவும் எழுதிக் கொடுப்பேன். அந்த ஒரு சென்டை மட்டும் என் தலையில் கட்ட முடியாது.

இடத்தைப் பார்க்க வேண்டும் என்று சர்வேயர் கிளம்பியதால், கேட்டுக்காரர் தன் கையாலேயே பூட்டைத் திறக்க வேண்டி வந்தது. அவர்கள் வாயிலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் யாரிடமும் கேட்கவில்லை. குழாயைத் தோளில் வைத்து உள்ளே நடந்தேன். "எங்க போறீரு வோய்?" என்று அவர் பின்னாலிருந்து கூப்பிட்டார். "வழியே போறேன்" என்றேன்.

உள்ளே ஒரு காகிதம் மட்டும் இருக்கிற குழாய். கனமே இல்லை. இருந்தும் வளைவு வந்ததும் நின்றேன். தோள் மாற்றினேன். பிறகு கல்லறைத் தோட்டம் வரைக்கும் நடந்தேன்.