கர்நூல் தாண்டினால் தூக்கம்

மல்லாபூர், ஹைதராபாத்
11-2-2007

மரியாதைக்குரிய பழனிசாமி அண்ணாவுக்கு, தியாகுவின் மனைவி சாந்தா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம். ராசிபுரத்தில் நீங்களும் கமலம் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளாத நாளில்லை.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். நான் எப்போது கூப்பிட்டாலும் நீங்கள் குளித்துக்கொண்டிருப்பதாகவே அண்ணி சொல்கிறார். ராசிபுரத்தில் எப்போதிலிருந்து அவ்வளவு தண்ணீர் வருகிறது? இங்கே எங்களுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் குழாய் திறக்கிறார்கள். கடிதம் என்றால் தலையைத் துவட்டிவிட்டு நிதானமாகப் படிக்கலாம் என்றுதான் எழுதுகிறேன். இவருக்குத் தெரியாது.

பத்மப்ரியா பள்ளியில் கோகோ குழுவில் சேர்ந்திருக்கிறாள். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வது மட்டும் மாறவில்லை. ‘பெத்தநான்னா எப்புடொஸ்தாரு’, பெரியப்பா எப்போது வருவார் என்று வாரம் ஒரு முறையாவது கேட்டுவிடுகிறாள். பெரியப்பா என்றால் அவளுக்கு நீங்கள்தான்.

லோடு இல்லாத ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இவர் பாய் போட்டுப் படுத்துக் குறட்டை விடுகிறார். முன்பெல்லாம் அந்தச் சத்தத்துக்கு நான் போடாத சண்டை இல்லை. இப்போது பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன். குழம்பில் உப்பு இல்லை என்று முகத்தைச் சுளித்தால்கூடச் சந்தோஷமாக இருக்கிறது. குறை சொல்ல என் வீட்டில் ஆள் இருக்கிறாரே, அது நீங்கள் கொடுத்தது அண்ணா.

விபத்தன்று நடந்ததை இவர் என்னிடம் துண்டு துண்டாகத்தான் சொன்னார். பெங்களூர் போகும்போது லாரியைக் கர்நூல் வரை இவர் ஓட்டுவதும், அதற்குப் பிறகு நீங்கள் ஓட்ட, இவர் இடது பக்கம் படுத்துத் தூங்குவதும் உங்கள் இரண்டு பேருக்கும் வழக்கம். அன்று மழை. ரோடு வேலை நடந்த இடத்தில் பின்விளக்கு எரியாமல் ஒரு கல் லாரி நின்றிருக்கிறது. பிரேக் பிடித்தும் வண்டி நிற்கவில்லை. வலது பக்கம் ஒடித்திருந்தால் நீங்கள் தப்பித்திருப்பீர்கள். இவர் படுத்திருந்த பக்கம் போய் மோதியிருக்கும். நீங்கள் இடது பக்கம் ஒடித்தீர்கள். உங்கள் வலது கால் போனது. இவர் நெற்றியில் நாலு தையலோடு வீட்டுக்கு வந்தார். யோசித்துச் செய்தீர்களா, கை தானாகத் திரும்பியதா, எனக்குத் தெரியாது. அந்தக் கையை நான் கும்பிடுகிறேன்.

இனி எழுத வந்த விஷயம். இவர் இப்போது வண்டியில் தூங்குவதே இல்லை. உங்கள் இடத்தில் யாதகிரி என்று ஒருவர் வந்திருக்கிறார். நல்ல டிரைவர், குடிப்பழக்கம் கிடையாது. ஆனாலும் அவர் ஓட்டும்போது இவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருக்கிறாராம். பிறகு அந்தத் தூங்காத கண்ணோடு தன் முறைக்கு ஓட்டுகிறார். மாதாப்பூரில் நாளுக்கொரு கட்டடம் எழும்புகிறது, பெங்களூரிலிருந்து கம்ப்யூட்டர் வந்து இறங்கிக்கொண்டே இருக்கிறது. வண்டிக்கும் ஓய்வில்லை, இவருக்கும் இல்லை.

போன வாரம் திரும்பி வரும்போது இவருக்குக் கண் செருகி, வண்டி ரோட்டை விட்டு மண்ணில் இறங்கிவிட்டது. யாதகிரி எட்டி ஸ்டியரிங்கைத் திருப்பியதால் பிழைத்தார்கள். அவரே வீட்டுக்கு வந்து, ‘வதினா, அன்ன நித்ர போத்தலேடு’ என்று அழாத குறையாகச் சொன்னார். அண்ணன் தூங்குவதில்லை, நீங்களாவது கேளுங்கள் என்றார். நான் கெஞ்சினேன், திட்டினேன், இரண்டு நாள் பேசாமல்கூட இருந்து பார்த்தேன். கடைசியில் இவர் வாயைத் திறந்தார். ‘நான் தூங்குனதாலதான் சாந்தா, அண்ணனுக்குக் கால் போச்சு. முழிச்சிருந்தா நானும் அந்த லாரியப் பாத்திருப்பேன்’ என்றார்.

அண்ணா, நீங்கள் போனுக்கு வராமல் இருக்க இருக்க, அதுதான் உண்மை என்று இவருக்குப் படுகிறது. உங்களுக்கு இவர்மேல் கோபம் கிடையாது என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் நீங்கள் முதலில் கேட்டது ‘தியாகு எங்க’ என்றுதானாம், அண்ணி சொன்னார். யாராவது பரிதாபப்பட்டுப் பேசிவிடுவார்களோ என்றுதான் ஒதுங்கி இருக்கிறீர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பேன்.

வரும் வெள்ளிக்கிழமை அடுத்த லோடு. கர்நூல் தாண்டிச் சாப்பிட்டுவிட்டு ஸ்டியரிங் கைமாறும்போது, உங்களுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொல்லி யாதகிரியிடம் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து அண்ணியிடம் போனைக் கொடுக்காமல் நீங்களே திருப்பிக் கூப்பிடுங்கள், யாதகிரி போனை இவரிடம் கொடுப்பார். நலம் விசாரிக்க வேண்டாம், காலைப் பற்றி ஒன்றும் பேச வேண்டாம். ‘பேசாமப் படுடா’ என்று ஒரு அதட்டுப் போட்டால் போதும். நான் சொல்லிக் கேட்காத மனிதர், நீங்கள் சொன்னால் மறுபேச்சில்லாமல் படுத்துவிடுவார். ஒரு தடவையோடு போகாது. வண்டி கர்நூல் தாண்டும்போதெல்லாம் சொல்ல வேண்டியிருக்கும். அந்த வண்டியில் உங்கள் வேலை இன்னும் முடியவில்லை அண்ணா.

நீங்கள் இருவரும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும் என்ற வேண்டுதலோடு,

உங்கள் தங்கை
சாந்தா