தெளியும் என்று நான் சொன்ன தண்ணீர்

கும்மிடிப்பூண்டி,
ஞாயிறு.

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். உன் மூட்டுவலி தேவலையா? நான் நலம், பயப்பட ஒன்றுமில்லை.

கல்லில் நுண்ணுயிர் வளர்த்து, ஆலைக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் வடிகட்டி கட்டினோமே, அது எப்படி வேலை செய்யும் என்று கம்ப்யூட்டரில் மாதிரி போட்டுப் பார்த்தவள் நான்தான். தண்ணீர் தெளிந்து வாய்க்காலுக்கு வரும் என்று ஊராரிடம் உறுதி சொன்னதும் நான்தான். திறந்த அன்று கறுப்பாக, நாறிக்கொண்டு வந்தது. ஆலை வெந்நீரும் கலக்கும் என்பதை என் கணக்கில் சேர்க்கவில்லை. நுண்ணுயிரெல்லாம் செத்துவிட்டது. உடனே அடைத்துவிட்டோம்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். வாய்க்கால் ஓரம் வயல் வைத்திருக்கும் அஞ்சம்மாள் திட்டுவார் என்று நினைத்தேன்.

"இன்னாம்மா, மூஞ்சி வாடிப் போய்கீது? சாப்ட்டியா?" என்று உட்காரவைத்துச் சோறு போட்டார். "உன் பேச்ச நம்பித்தாம்மா நாத்து நட்டேன்" என்றார், கோபமே இல்லாமல்.

அதைவிட அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

அவர் வயலுக்கு லாரியில் நல்ல தண்ணீர் விட ஆலையைச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். மாதிரியை முதலிலிருந்து போடுகிறேன்.

எலுமிச்சை ஊறுகாயும் உன் பழைய புடவை ஒன்றும் அனுப்பு, போர்த்திக்கொள்ள.

ஷிப்ட் பஸ் வந்துவிட்டது. என் வேலையைப் பற்றி அத்தை கேட்டால், பெருமையாக எதுவும் சொல்லிவிடாதே.

உன் மகள்,
தேன்மொழி