பதிவேட்டில் இல்லாத பெயர்

புவெனஸ் ஐரிஸ்,
செவ்வாய்

தம்பிக்கு,

உன் மகனுக்கு அரசாங்கப் பதிவில் ராபர்ட் என்று பெயர் கொடுத்ததாக எழுதியிருந்தாய். சந்தோஷம். எட்டாம் நாள் விருத்தசேதனத்தில் வைத்த நம்முடைய யூதப் பெயரை மட்டும் ஏன் எழுதவில்லை?

ஆன்ட்வெர்ப்பில் உங்களைப் பார்த்துவிட்டு வந்த பெர்லா நேற்று இங்கே வந்திருந்தாள். "குட்டி லைபிஷுக்கு அப்படியே தாத்தா காதுடி!" என்றாள். சொன்ன வேகத்தில் வாயைப் பொத்திக்கொண்டு, வேலை இருக்கிறதென்று எழுந்து போய்விட்டாள்.

லைபிஷ் நம் அப்பாவின் பெயர். உயிரோடு இருப்பவர் பெயரை நாம் பிள்ளைக்கு வைப்பதில்லை. உன் மனைவி வீட்டில் யாராவது லைபிஷ் இருந்தாரா என்று இங்கிருக்கும் அவள் அத்தையிடம் கேட்டேன். இல்லையாம்.

அப்பாவுக்குக் கை நடுங்குகிறது, அவர் சொல்லச் சொல்ல நீ எழுதுகிறாய் என்றாய். அந்த மூன்று கடிதங்களையும் மறுபடி படித்தேன். என்னைத் திட்டாமல் அப்பா ஒரு கடிதமாவது எழுதியிருக்கிறாரா? மூன்றிலும் "உடம்பைப் பாத்துக்கோ கண்ணு" என்றே இருக்கிறது. அவர் என்றைக்கடா என்னைக் கண்ணு என்று கூப்பிட்டார்?

என் கணவரிடம் கேட்டேன். "பிரசவம் ஆகட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்றார். அவருக்கும் தெரிந்திருக்கிறது.

எனக்கு இது ஏழாம் மாதம். அதற்காகத்தான் எல்லோரும் மறைத்தீர்கள். உன்மேல் கோபம் இருக்கிறது, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இன்று காலை நம் துக்க முறைப்படி சட்டைக் கழுத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு மணி நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

எந்தத் தேதி என்று மட்டும் எழுது. வருஷா வருஷம் அந்த நாளில் நான் விளக்கேற்ற வேண்டும்.

உன் அக்கா